பெரு நத்தையை வைத்திருத்தலும் கொண்டு செல்லுதலும்

நத்தையின் நடை மெதுவானது. ஒரு தோட்டத்தைக் கடப்பதற்கே அதற்குப் பல இரவுகள் வேண்டும். அப்படியிருக்க, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையைத் தாயகமாக உடைய ஒரு நத்தை இந்து மகாசமுத்திரத்தின் தீவுகளிலும், இந்தியாவிலும், இலங்கையிலும், மலேயாவிலும், பசிபிக் தீவுகளிலும், அமெரிக்கக் கண்டத்திலும் இன்று காணப்படுகிறது. அது கடலை நீந்திக் கடந்ததன்று. பறவைகள் சுமந்து சென்றதுமன்று. மனிதனே அதைக் கையிலும், பெட்டியிலும், செடியின் வேர்மண்ணிலும் வைத்து எடுத்துச் சென்றான். இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால், பெரு நத்தையை வைத்திருப்பதற்கும் இடம் பெயர்ப்பதற்கும் பல தேசங்கள் கடுமையான சட்டங்களை ஏற்படுத்தியிருப்பதன் காரணம் எளிதில் விளங்கும். நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அச்சட்டங்களின் நோக்கத்தை அறிந்திருத்தல் மிகவும் பயனுடையது.

நத்தையின் இயல்பு

இங்குப் பேசப்படுவது ஆப்பிரிக்கப் பெரு நத்தை என்பதாகும். சாஸ்திர நூல்களில் முன்னர் அகாடினா பூலிகா என்றும், இப்பொழுது லிஸ்ஸகாடினா பூலிகா என்றும் இதற்குப் பெயர் வழங்குகிறது. ஓடு நீண்டு கூம்பி, பழுப்பு நிறத்தின்மேல் வெளிறிய கோடுகள் ஓடப்பெற்றிருக்கும். நன்கு வளர்ந்த நத்தையின் ஓடு 8 அங்குலம் வரை நீள்வதுண்டு. வயல்களிலும் தோட்டங்களிலும் பெரும்பாலும் அகப்படுபவை அதனினும் சிறியவை. நெல் வயலின் நீரில் வாழும் நம் நாட்டு நத்தையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. வயல் நத்தை உருண்டையானது. ஓட்டின் வாயை மூடிக்கொள்ள அதற்கு ஒரு கெட்டியான மூடி உண்டு. ஆப்பிரிக்க நத்தைக்கு அத்தகைய மூடி கிடையாது. அது தரையில் வாழ்வது.

இந்நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாகிய இரு தன்மையும் ஒருங்கே உடையது. ஆகவே கூடிய இரண்டு நத்தைகளில் ஒவ்வொன்றும் முட்டையிடக்கூடும். ஒரு முறைக்கு நூறு முதல் நானூறு வரை முட்டைகள், மண்ணுக்குள் சிறிது ஆழத்தில், பயறளவாக இடப்படுகின்றன. ஒரு முறை கூடிய நத்தை, பின்னர் துணையின்றியே பல மாதங்கள் வரை முட்டையிட வல்லது. எனவே தனித்த ஒரு நத்தையைக் கொண்டு வந்தவன், தான் கொண்டு வந்தது ஒன்றே என்று எண்ணியிருக்க, அவன் தோட்டத்தில் இறங்கியது ஒரு குடும்பமாகவே இருக்கலாம். வறட்சி வந்தால் இது ஓட்டின் வாயைக் காய்ந்த சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு, மண்ணிலோ சுவரிடுக்கிலோ மாதக்கணக்கில் உறங்கும்; மழை பெய்தவுடன் வெளிவரும். கோடையில் காணவில்லை என்பதால் ஒழிந்துவிட்டது என்று முடிவு செய்வது பிழையாகும்.

இதன் உணவு ஐந்நூறு வகைத் தாவரங்களுக்குக் குறையாதெனக் கணக்கிட்டுள்ளனர். காய்கறி நாற்று, வாழை, பப்பாளி, பூச்செடி, வெற்றிலை முதலிய எதையும் விடாது. ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டியிருப்பதால், வீட்டுச் சுவரின் பூச்சையும் சுரண்டித் தின்னும். அன்றியும், எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் இளம் பருவம் இந்நத்தையின் உடலில் தங்கியிருக்கக்கூடும். அது மனிதன் வயிற்றில் சென்றால் மூளை உறைகளைத் தாக்கிக் கடும் நோயை விளைவிக்கும். ஆதலின் வெறுங்கையால் இதைத் தொடுதலும், நத்தை ஊர்ந்த கீரைகளை நன்கு கழுவாமல் உண்ணுதலும் அபாயகரமானவை.

இந்தியாவுக்கு வந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்நத்தை மடகாஸ்கரைக் கடந்து மொரீஷியஸ் தீவை அடைந்துவிட்டது. 1847-ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி பென்ஸன் என்னும் சிப்பி சாஸ்திர நிபுணர் மொரீஷியஸிலிருந்து சில நத்தைகளை உயிருடன் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அவை சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவர் பயிருக்குப் பகைவர் அல்லர், கல்வியில் பற்றுடையவர். எனினும் அந்தத் தோட்டத்திலிருந்து தொடங்கிய பரவுதல் இன்று வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒடிஸா, கேரளம், தமிழ்நாடு முதலிய பல பகுதிகளிலும் காணப்படுகிறது. 1900-ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் இதைக் கொண்டு போய் விட்டனர். பத்தாண்டுகளுக்குள் அங்கு இது தோட்டங்களின் தொல்லையாகப் பெருகிற்று. அக்காலத்தில் இதைத் தடுக்கும் சட்டம் எங்கும் இல்லை. கொண்டு வந்தவர் மேல் குற்றம் சுமத்துவதற்கில்லை. ஆனால் குற்றமில்லாத செய்கையே எத்துணைக் கேடு விளைக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

சிறுவன் கொணர்ந்த மூன்று நத்தைகள்

சட்டம் ஏன் ஒரு நத்தையைக்கூட அனுமதிப்பதில்லை என்னும் வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ப்ளோரிடா ராஜ்யத்தில் நிகழ்ந்ததே தக்க விடை. 1936-ஆம் ஆண்டில் ஹவாயித் தீவுகளுக்கு இந்நத்தை வந்து சேர்ந்தது. அங்கிருந்து 1966-ல் ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை மயாமி நகரிலுள்ள தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். 1969-ல் அதிகாரிகள் இதை அறிந்தபோது அந்தச் சுற்றுப்புறம் நத்தைமயமாக இருந்தது. ஏழு ஆண்டுகளில் 18,000-க்கு மேற்பட்ட நத்தைகள் பொறுக்கப்பட்டன. 1975-ல் முற்றும் ஒழிந்தது என்று கூறுமுன் 10 லட்சம் டாலர் செலவாயிற்று.

அத்துடன் முடியவில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே மயாமிப் பகுதியில் நத்தை மீண்டும் தலைகாட்டிற்று. இம்முறை பத்து ஆண்டுகள் போராடி, 168,000-க்கு மேற்பட்ட நத்தைகளைச் சேகரித்து, 2 கோடியே 30 லட்சம் டாலருக்குக் குறையாமல் செலவிட்டு, 2021 அக்டோபரில் ஒழிப்பை அறிவித்தனர். மறு ஆண்டு, அதாவது 2022 ஜூன் மாதத்தில், அதே ராஜ்யத்தின் பாஸ்கோ வட்டாரத்தில் புதிதாக ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு அகப்பட்ட நத்தைகளின் உடல் வழக்கமான பழுப்பாக இராமல் வெண்மையாக இருந்தது. அழகுக்காக வீட்டில் வளர்ப்போர் விரும்பும் நிறம் அதுவே. ஆகையால் வளர்ப்புப் பிராணி வியாபாரத்தின் வழியாகவே அது வந்திருக்க வேண்டுமென்று அதிகாரிகள் கருதினர்.

மூன்று நத்தைகளின் விலை ஒன்றுமில்லை. அவற்றை அகற்றியதன் விலை பத்து லட்சம். முளையிலே கிள்ளாததை முற்றிய பின் கோடாலி கொண்டு வெட்டவேண்டும் என்று நம் பெரியோர் சொல்லுவர். அச்சட்டங்கள் முழுவதும் இம்முதுமொழியின் விரிவேயாகும்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000-ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மத்திய விவசாய இலாகாவின் அனுமதிச் சீட்டு இல்லாமல் உயிருள்ள பெரு நத்தையை இறக்குமதி செய்யவோ, வைத்திருக்கவோ, ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லவோ கூடாது. அச்சீட்டும் ஆராய்ச்சி முதலிய தக்க காரணத்துக்காக, நத்தை தப்பிச் செல்லாதபடி அமைந்த கட்டிடத்தில் வைப்பவருக்கே கிடைக்கும். விளையாட்டுக்காக வளர்ப்போருக்குக் கிடைப்பதில்லை.

தண்டனையைப் பற்றிய விதி கவனிக்கத்தக்கது. சட்டம் இயற்றப்பட்டபோது, தனி மனிதர் ஒருவருக்கு 50,000 டாலர் வரையில் அபராதம் விதிக்க இடமளிக்கப்பட்டது. ஆனால் லாப நோக்கமின்றி முதல் முறையாகத் தவறியவருக்கு 1,000 டாலருக்கு மேல் விதிக்கலாகாதென வரம்பு கட்டினர். அறியாமையையும் வியாபாரத்தையும் சட்டம் ஒன்றாக எடைபோடவில்லை. 2004-ல் விஸ்கான்சின் ராஜ்யத்தின் பள்ளிக்கூடங்களில், பிள்ளைகள் பார்த்து மகிழ வகுப்பறையில் இந்நத்தைகள் வளர்க்கப்பட்டது தெரியவந்தது. அதிகாரிகள் நத்தைகளை மீட்டனர். பயமுறுத்தினால் வைத்திருப்பவன் இரவோடிரவாக வேலிக்கு வெளியே எறிந்துவிடுவான்; அதுவே அனைத்தினும் பெரிய கேடு. ஆதலால் இத்தகைய சட்டத்தை நடத்துவோர், தாமாக ஒப்படைப்பவரிடம் மென்மையாயிருத்தல் விவேகமாகும்.

உணவுக்கென்று சொல்லுவதாலும் விலக்குக் கிடையாது. 2014 ஜூலையில் நைஜீரியாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்கு வந்த சரக்கில் 67 உயிருள்ள பெரு நத்தைகள் இருந்தன. உண்பதற்காகவே அனுப்பப்பட்டனவென்று கூறப்பட்டது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நத்தை இறைச்சி விரும்பி உண்ணப்படுவது உண்மையே. ஆயினும் உயிருடன் இருக்கும் வரை அது தப்பக்கூடியதாகையால், அச்சரக்கு முழுவதும் சோதனைக்குப் பின் எரிக்கப்பட்டது.

மண்ணையும் தடுக்கும் விதி

ப்ளோரிடாவில் நத்தை கண்ட இடத்தைச் சுற்றி எல்லை குறித்து அடைப்புப் பிரதேசம் ஏற்படுத்துகின்றனர். அவ்வெல்லைக்குள்ளிருந்து நத்தையை மட்டுமல்ல, மண், செடி, எரு, தோட்டக் குப்பை, கட்டிடச் சாமான் ஆகியவற்றையும் இலாகாவின் ஒப்புதலின்றி வெளியே கொண்டு போகக் கூடாது. இதைக் கேட்போர் மிகையென்று நினைக்கலாம். ஆனால் நத்தையைக் கண்ணால் காணலாம். மண்ணுக்குள் கிடக்கும் முட்டையையும், செடித் தொட்டியின் அடியில் ஒட்டிய குஞ்சையும் யார் காண்பார்? ஒரு வண்டி எருவோடு ஊர்விட்டு ஊர் சென்றால், அதைக் கொண்டு சென்றவனே அறியான். ஆகவே பெரு நத்தையைப் பற்றிய சட்டங்களில் குடியானவனுக்கு மிகவும் முக்கியமானது, நத்தையின் பெயரே வாராத இந்த மண் விதியாகும்.

பிற தேசங்களின் முறை

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்குக் குளிர் மிகுதியாகையால் வெளியே விடப்பட்ட பெரு நத்தை பிழைப்பது அரிது. ஆகவே வீட்டில் வளர்ப்பதற்குத் தடையில்லை. எனினும் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அந்நாட்டில் இயல்பாக வாழாத பிராணியை வெளியே விடுவதைக் குற்றமாக்குகிறது. வைத்திருக்கலாம், விடலாகாது என்பது அதன் சாரம். ஒரே பிராணிக்கு இரு நாடுகளில் இரு வகைச் சட்டம் இருப்பது முரண்பாடன்று, தட்பவெப்பத்துக்கேற்ற தீர்ப்பாகும். மழையும் வெப்பமும் கூடிய நம் நாடு ப்ளோரிடாவையே ஒத்தது.

ஆஸ்திரேலியாவில் 1977-ல் குயின்ஸ்லாந்துப் பகுதியின் கார்டன்வேல் என்னும் ஊரில் பெரு நத்தை அகப்பட்டது. தாமதமின்றி முனைந்ததால் எட்டு மாதங்களில் ஏறக்குறைய 300 நத்தைகளோடு காரியம் முடிந்தது. விரைவில் கண்டு, விரைவில் தெரிவித்து, விரைவில் அழித்ததே அவ்வெற்றியின் இரகசியம்.

பிரேஸில் தேசத்தின் கதை நிலமுடையோர் சிந்திக்கத்தக்கது. 1980-களின் பிற்பகுதியில் அங்குப் பரானா ராஜ்யத்தில், பிரெஞ்சுக்காரர் உண்ணும் நத்தைக்கு மாற்றாக இது நல்ல லாபம் தருமென்று கூறி, வளர்ப்புக்கென்று பரப்பினர். பலர் கொட்டில் கட்டி வளர்த்தனர். உண்பார் போதுமான அளவில் அகப்படவில்லை. வளர்த்தோர் மனமுடைந்து நத்தைகளை வெளியே விட்டனர். அது நாடெங்கும் பரவிய பின்னர், 2005-ல் வளர்ப்பையும் விற்பனையையும் சர்க்கார் தடுத்தது. சட்டம் வந்தது, ஆனால் நத்தை அதற்கு முன்பே வந்துவிட்டது. புதிய பிராணி எதையும் லாபத்துக்கென வளர்க்கும்படி யாரேனும் தூண்டினால், வாங்குவார் இல்லாத நாளில் அதை என்ன செய்வது என்ற கேள்வியை முதலில் கேட்பது புத்திசாலித்தனம்.

நத்தையைத் தின்ன நத்தை

சட்டத்தை மதியாத செய்கை மட்டுமன்று, நல்ல எண்ணத்தோடு அதிகாரிகளே செய்த இடமாற்றமும் கேடு விளைத்ததுண்டு. ஹவாயியில் பெரு நத்தையை அடக்கும் பொருட்டு, மற்ற நத்தைகளைப் பிடித்துத் தின்னும் ஒரு வகை நத்தையை 1955-ல் ப்ளோரிடாவிலிருந்து கொண்டு வந்து விட்டனர். அதுவோ பெரு நத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய, மரங்களில் வாழும் அழகிய சிறு நத்தைகளைத் தின்னலாயிற்று. 1977-ல் மூரேயாத் தீவில் அதையே விட்டபோது, பத்தாண்டு காலத்தில் அத்தீவின் மர நத்தை இனங்கள் காட்டில் இல்லாதொழிந்தன. சில இனங்கள் மிருகக் காட்சி சாலைகளில் பேணப்பட்டே உயிர் தப்பின. ஹவாயியின் மர நத்தைகளில் அகாடினெல்லா என்னும் பேரினம் முழுவதையும் 1981-ல் அழியும் தறுவாயில் உள்ளவையாக அறிவித்து, பிடிப்பதையும் விற்பதையும் சட்டம் தடுத்தது. இவ்வாறு ஒரு நத்தையைக் கேடென்று தடுக்கும் சட்டமும், மற்றொன்றை அரிதென்று காக்கும் சட்டமும் அத்தீவில் அருகருகே நிற்கின்றன. நத்தையென்று கண்டதையெல்லாம் கொல்வது அறிவன்று என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டுச் சட்டங்கள்

இந்தியாவில் பயிருக்குக் கேடு செய்யும் பூச்சி முதலியவை அயல்நாட்டிலிருந்து வாராமல் தடுக்க 1914-ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டம் ஏற்பட்டது. அதன்கீழ் 2003-ல் பிறப்பித்த தாவரத் தொற்றுத் தடுப்பு உத்தரவின்படி, செடி, விதை முதலியவற்றை இறக்குமதி செய்ய அனுமதிச் சீட்டும், அனுப்பும் நாட்டின் சுகாதாரச் சான்றும் வேண்டும். நாடு கடந்து வரும் ஒருவர் ஒரு தொட்டிச் செடியை மண்ணோடு பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவது அற்பச் செயல் அன்று. 1847-ன் கதையை மறுபடியும் தொடங்குவதாகும்.

சென்னை மாகாணத்தில் 1919-ல் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பகுதியில் ஒரு பூச்சியோ நோயோ பயிருக்கு ஆபத்தென்று சர்க்கார் அறிவிக்கை செய்யலாம். நிலத்தை அனுபவிப்போர் குறித்த நிவாரண முறைகளைச் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அதிகாரியே செய்து செலவை வசூலிக்கலாம் என்பது அதன் அமைப்பு. ஒரு நிலத்துக்காரரின் அசட்டையால் அண்டை நிலத்துக்காரர் உழைப்பு வீணாகலாகாது என்பதே அதன் தர்மம். இத்தகைய சட்டம் அறிவிக்கையின் வழியாகவே உயிர் பெறுவது. ஆகையால் கிராம அதிகாரி எவரும் முதலில் அறிவிக்கையைப் பார்த்து, எந்தப் பிராணி, எந்த எல்லை, எந்தக் காலம் என்பதைத் தெளிந்து கொண்டு பின்னரே குடிகளிடம் பேசுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பெரு நத்தையை அழகுக்கோ, விளையாட்டுக்கோ, உணவுக்கோ, தூண்டிலுக்கோ ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எடுத்துச் செல்லலாகாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைத்தல் நன்று.

2. நாற்றுப் பண்ணையிலிருந்து செடி வாங்கும்போது தொட்டியின் அடியையும் வேர்மண்ணையும் சோதிக்க வேண்டும். வாங்கிய செடிகளைச் சில நாள் தனியே வைத்துப் பார்த்த பின் தோட்டத்தில் நடுவது உத்தமம்.

3. நத்தை மிகுந்த இடத்திலிருந்து எரு, வண்டல், செங்கல், தோட்டக் குப்பை இவற்றை வண்டியிலோ லாரியிலோ ஏற்றுமுன் கிளறிப் பார்க்க வேண்டும்.

4. நத்தையைப் பொறுக்குவோர் கையுறை அணிய வேண்டும். மாலையில் நனைந்த சாக்குகளைப் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலையோடு பரப்பி வைத்தால் நத்தைகள் வந்து ஒதுங்கும், காலையில் பொறுக்கலாம். பொறுக்கியவற்றை ஒரு தொட்டியில் கெட்டியான உப்பு நீரில் போட்டுக் கொன்று ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். நிலத்தின்மேல் உப்பைத் தூவினால் மண் கெடும். நச்சு மருந்து இடுவோர் நாயும் மாடும் கோழியும் அணுகாதபடி பார்த்துக்கொள்ளல் அவசியம்.

5. உயிருள்ள நத்தையைச் சாலையோரத்திலோ, வாய்க்காலிலோ, அடுத்தவர் நிலத்திலோ எறிவது எவ்வகையிலும் தகாது.

6. முன்பு இல்லாத இடத்தில் பெரிய நத்தை தென்பட்டால், ஒன்றே ஆயினும், உடனே விவசாய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல், ஊருக்கு நன்மை செய்தவராக மதிப்பது கிராம அதிகாரிகளின் கடமை.

சட்டம் எழுதப்பட்ட தாளில் இருந்து கொண்டு ஒரு நத்தையையும் தடுப்பதில்லை. வண்டியில் ஏற்றுமுன் சாக்கை உதறிப் பார்க்கும் குடியானவனுடைய கையே அதைத் தடுப்பது. நத்தை தானாக நடந்து வரும் தூரம் சிறிது. மனிதன் சுமந்து வரும் தூரமே பெரிது. அச்சுமையை மறுத்து நிற்கும் ஊரில், இச்சட்டங்களின் கடுமை ஒருவருக்கும் தேவைப்படாது.